பிறர் தோளில் ஏறும் சுமை

சுமையைத் தலையில் ஏற்றுமுன் சும்மாடு கட்டிக்கொள்வது நம் மக்களின் வழக்கம். பழந்துணி ஒன்றை முறுக்கி வட்டமாக்கித் தலையில் வைத்து, அதன்மேல் குடத்தையோ கூடையையோ ஏற்றுவர். சும்மாட்டினால் சுமையின் நிறை குன்றிமணி அளவும் குறைவதில்லை. எனினும் சும்மாடு கட்டியவளைச் சுகம் தேடுகிறாள் என்று எவரும் பழித்ததில்லை. அப்படியிருக்க, ஆலயப் பாடற்குழுவில் கித்தார் வாசிக்கும் இளைஞன் ஒருவன் தோள் வலிக்கிறது என்று சொன்னபோது மட்டும் நான் ஏன் அவனைப் பழித்தேன்? பல ஆண்டுகளாகியும் இக்கேள்வி என்னை விட்டபாடில்லை.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். சூளையில் 1,200 பாகை வெப்பத்தைத் தாங்கி வெளிவந்த பீங்கான், இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விழுவதைத் தாங்காது. ஆகவே, விலையுயர்ந்த பொருளைத் தாங்கி நிற்பது எதுவோ அதில் கஞ்சத்தனம் ஆகாது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அறிவர். எனக்கு அது கணக்கெழுதும் வேளையில் நினைவுக்கு வரவில்லை.

2011ஆம் ஆண்டு, பாடற்குழுவின் வரவுசெலவு என் பொறுப்பில் இருந்தது. மக்கள் தந்த காணிக்கையில் கித்தார் ஒன்று வாங்கினோம். அதைத் தோளில் மாட்டும் வாரைக் கடைக்காரர் ஸ்ட்ராப் என்றார். பிள்ளைகள் பெல்ட் என்றனர். இருப்பவற்றுள் மலிவானதைக் கேட்டு வாங்கினேன். ஒன்றரை அங்குல அகலம், வழவழப்பான நைலான் நாடா, இரு முனைகளிலும் மெல்லிய ரெக்சின். சில வாரங்களில் அந்த இளைஞன் வந்து, “தோள் வலிக்குது, சார். அகலமான பெல்ட் ஒன்று வாங்கலாமா?” என்றான். அது தவக்காலம். “இதை ஒறுத்தல் முயற்சியாக ஒப்புக்கொடு, தம்பி” என்றேன். சொன்னபோது எனக்கு ஒருவகை நிறைவுகூட இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. புனித வாரத்திற்கு முந்திய ஒத்திகையில் ரெக்சின் முனை கிழிந்தது. கித்தார் தரையில் விழுந்து, அதன் கழுத்தும் தலைப்பகுதியும் கூடுமிடத்தில் முறிந்தது. எல்லாரும் அவனைத்தான் பார்த்தனர். நானும் பார்த்தேன். அதன்பின் அவன் பாட வரவில்லை.

வாரைப் பற்றி நான் கற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சாதாரணக் கித்தார் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ளது. உள்ளீடற்ற பெட்டியின்றி முழு மரத்தால் ஆன மின்கித்தார் நான்கு கிலோவையும் எட்டும். அதே எடை இருமடங்கு அகலத்தில் பரவினால் ஓரிடத்தில் விழும் அழுத்தம் பாதியாகும். இரண்டு அங்குலத்திற்குக் குறைந்த வார் தோளை அறுக்கும். கனமான கருவிக்கு மூன்று அங்குலம் நல்லது. வழுக்கும் நாடாவில் வேறொரு தீங்கும் உண்டு. கருவியின் கழுத்துப்பக்கம் கனத்தால் கீழே சாயும். அதைத் தாங்க இடக்கை முட்டுக்கொடுக்க, தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் தூண் வேலை பார்க்கும். உட்புறம் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் வார் நழுவாது. நீளமோ, உட்கார்ந்து வாசிக்கையில் கருவி எந்த உயரத்தில் இருக்குமோ, நிற்கையிலும் அவ்வுயரத்தில் நிற்குமாறு அமைய வேண்டும். இவை எல்லாவற்றிலும் முதன்மையானது முனையிலுள்ள துளை. நடுப்பகுதி எத்துணை உறுதியானதாயினும், குமிழில் மாட்டும் துளை தளர்ந்தால் எல்லாம் வீண்.

வலி எல்லாம் ஒன்றல்ல என்பதையும் அப்போதுதான் எண்ணிப்பார்த்தேன். கித்தார் பழகுவோரின் இடக்கை விரல்நுனிகள் முதலில் புண்ணாகி, பின் காய்த்துப்போகும். அந்த வலியைத் தவிர்த்து எவரும் இசைஞர் ஆனதில்லை. அது கலைக்குரிய வலி. தோள்வலி எதற்குரியது? அது இசையை வளர்க்கவில்லை, செபத்தையும் வளர்க்கவில்லை, கணக்கேட்டில் சில நூறு ரூபாயை மட்டும் மிச்சப்படுத்தியது. ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் ஒறுத்தலுக்கு மதிப்புண்டு. மற்றொருவர் தோளில் நாம் ஏற்றிவிட்டு அதற்கு ஒறுத்தல் என்று பெயர் சூட்டுவது வேறு. சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவை சுமந்ததை நாம் நினைவுகூர்கிறோம். அவரைக் கட்டாயப்படுத்திய படைவீரரை எவரும் போற்றுவதில்லை. நான் அந்த வீரரின் பக்கம் நின்றிருந்தேன்.

நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் ஆண்டவர் ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார். தம் நுகத்தைப் பற்றி அவர் பேசியபோது, மரத்தை இழைத்த கையின் அறிவும் அச்சொல்லில் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. நம் உழவர்க்கும் இது தெரியும். நுகத்தடி சரியாக அமையாவிட்டால் மாட்டின் கழுத்து புண்ணாகும்; பூட்டாங்கயிறு இறுகினாலும் அப்படியே. புண்பட்ட மாட்டைப் பார்த்து, பொறுமையைக் கற்றுக்கொள் என்று சொல்லும் உழவரை நான் கண்டதில்லை.

எனவே நல்ல வாராக வாங்குவோம் என்று புறப்பட்டபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நீடித்து உழைப்பது தோல். ஆனால் தோல் என்றதும் ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் நினைவுக்கு வருகின்றன, அவற்றோடு பாலாறும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது அந்தத் தோல் கழிவுகளை முன்னிட்டே. நைலான் அழுகாது, அறாது. ஆயின் அழுகாமையே மண்ணுக்குத் தீங்கு. ஒரு தோளின் நோவைத் தவிர்க்க மற்றொருவர் கிணற்றைக் கெடுக்கலாமா? குற்றமே இல்லாத வார் ஒன்று இவ்வுலகில் கிடைக்குமென்று நான் நம்பவில்லை. ஆனால் மலிவான ஒன்றை ஆண்டுதோறும் வாங்கி எறிவதைவிட, பழுதுபார்க்கக்கூடிய ஒன்றைப் பல்லாண்டு வைத்திருப்பது தீங்கைக் குறைக்கும். அந்த அளவில் நின்றேன்.

தடித்த பருத்தி நாடா இரண்டரை அங்குல அகலத்தில் வாங்கி, முனைகளுக்கு மட்டும் கெட்டித் தோல் வைக்கலாம் என்று செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். துளையைப் பெரிதாகக் குத்தச் சொன்னதற்கு அவர் மறுத்தார். “கஷ்டப்பட்டு மாட்டினாதாங்க கழலாது” என்று சிறிய துளையிட்டு, ஒரு பக்கம் மட்டும் கீறிவிட்டார். இரட்டைத் தையல் போட்டார். அவர் கேட்ட கூலி நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலைக் கட்டியவர்களுக்குக் கூலியாக வன்னி இலைகள் தரப்பட்டன என்றும், அவை அவரவர் உழைப்புக்கேற்பப் பொன்னாயின என்றும் சொல்வர். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவர்க்கு நான் தந்தது போதாது. கூடுதலாகக் கொடுத்ததைத் தயங்கித்தான் பெற்றுக்கொண்டார்.

பழுதுபார்த்த கித்தாரையும் புதிய வாரையும் எடுத்துக்கொண்டு அந்த இளைஞன் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்க எண்ணிய சொற்கள் வாசலிலேயே தடுமாறின. “தப்பு என்னுடையதுப்பா” என்பதற்குமேல் வரவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் வாரைத் தோளில் மாட்டிச் சற்று நேரம் நின்றான்.

“இன்னும் இரண்டு விரல் மேலே ஏறணும், சார்” என்றான்.

ஏற்றிக் கட்டினோம்.