உறைமோரும் தட்டைவாயனும்

பொறுமைக்கும் ஆசைக்கும் என்ன உறவு என்ற கேள்வி என்னை இரண்டு குளிர்காலம் விடாமல் அரித்தது. அதைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதினேன். இடம் மார்டள்ளியில் ஒரு திண்ணை. எதிரே மாதேஸ்வரன் மலைக் காடு. காமிராப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே சீடன் வந்து நிற்கிறான்.

சீடன்: ஐயா, மூன்று ஞாயிறு விடியலில் மைசூருக்குப் பக்கத்தில், ஹதினாரு ஏரிக்கரையில் படுத்துக் கிடந்தேன். ஆண் தட்டைவாயன் வாத்துக்காக. பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செங்காவி விலா. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் பெட்டைகளாகவே மிதக்கின்றன.

குரு: இது என்ன மாதம்?

சீடன்: நவம்பர்.

குரு: அப்படியானால் நீ பெட்டை என்று நினைத்ததில் ஆணும் இருந்திருக்கும். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஆண் வாத்து தன் பகட்டு இறகுகளை உதிர்த்துவிடும். பிறகு சிறகின் பெரிய இறகுகளும் ஒரேயடியாக விழும். சில வாரம் பறக்க முடியாது. அந்த நிலையில் பளபளத்தால் உயிர் தங்காது. அதனால்தான் பெட்டையின் மங்கல் நிறம். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் நம் பக்கம் வந்து இறங்கும்போது அந்த மங்கல் இன்னும் விலகியிருக்காது. தட்டைவாயன் இதில் ரொம்பத் தாமதம். தை, மாசியில்தான் முழுப் பச்சையைப் பார்க்கலாம். கண்ணைப் பார்த்தாயா? பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் ஆண். நீ உறை ஊற்றிய சட்டியை நள்ளிரவில் திறந்து, தயிர் எங்கே என்று கேட்கிறாய்.

சீடன்: பொறுத்திருக்கச் சொல்கிறீர்கள். என் சங்கடமே அங்கேதான். நான்கு மணி நேரம் சேற்றில் அசையாமல் கிடக்கிறேன். பார்ப்பவர்களுக்குத் தவம்போல் இருக்கும். உள்ளே அந்தப் படம் வேண்டும் என்ற வெறி மட்டும்தான். கொக்குகூட அசையாமல்தான் நிற்கிறது. அதைத் தவசி என்று யார் சொல்வார்கள்? பொறுமை என்பதே ஆசை போட்ட வேடம்தானோ?

குரு: நல்ல கேள்வி. ஆசை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உறைமோர் இல்லாமல் பால் தானாகத் தயிராகாது. விடியற்காலை இருட்டில் உன்னை எழுப்பி ஏரிக்கு அனுப்பியது ஆசைதான். அந்த ஒரு கரண்டி வேண்டும். ஆனால் ஊற்றியபின் என்ன நடக்கிறது, பார். முதல் மணி நேரம் பச்சைத் தலையை மட்டும் தேடுகிறாய். இரண்டாம் மணியில் அந்த அலகைக் கவனிக்கிறாய்: கரண்டிபோல் நுனி அகன்றது, ஓரத்தில் சீப்புப் பற்கள், நீர்மட்டத்தில் இடமும் வலமும் துழாவி நீரை வடிகட்டுகிறது. மூன்றாம் மணியில் ஒன்று கலக்கிய நீரில் இன்னொன்று மேய்வதும், அப்படியே கூட்டம் வட்டமாகச் சுற்றுவதும் தெரிகிறது. நாமக்கோழிகள் திடுக்கிட்டு ஓடினால் வாத்துகளும் தலை தூக்குமென்று உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இதில் எதைக் காண நீ ஆசைப்பட்டு வந்தாய்? காலையில் உறைந்த தயிரிலிருந்து அந்தக் கரண்டி மோரைத் தனியே எடுத்துக் காட்ட முடியுமா? கொக்கு எத்தனை நாழிகை நின்றாலும் மீனை விழுங்கிய கொக்கு, வந்த கொக்கேதான். நீ அப்படித் திரும்புவதில்லை. உறைமோர் அதிகமானால் புளிக்கும், அது உண்மை. பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு கரையோடு ஓடுகிறார்களே, அது புளித்த தயிர்.

சீடன்: இதே வாத்துக்கு ஏற்கெனவே ஆயிரம் படம் இருக்கிறதே?

குரு: உன் அம்மா நேற்றும்தான் சோறு வடித்தாள்.

சீடன்: பறவைக்குத் தொந்தரவு...

குரு: மேய்வதை விட்டு, தலை தூக்கி, உனக்கு முதுகு காட்டி நீந்தினால் நெருங்கிவிட்டாய் என்று அர்த்தம். பின்வாங்கு. அதில் வாதமே இல்லை.

குரு (தொடர்ந்து): நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நீ தேடும் பச்சை, சாயம்போல் அந்த இறகில் பூசியதல்ல. இறகுக்குள் இருப்பது கருநிறமி. அதன் நுண்ணிய அடுக்கில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தில்தான் பச்சை பிறக்கிறது. தலை சற்றே திரும்பினால் ஊதா; இன்னும் திரும்பினால் வெறும் கருப்பு. ஆக, வாத்து, வெயில், நீ கிடக்கும் இடம் மூன்றும் கூடிவரும் நொடியில் மட்டுமே அந்த நிறம் உண்டு. மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன்; 1996இல் மறையும்வரை காட்டையும் பறவைகளையும் எழுதியும் படமெடுத்தும் வாழ்ந்தவர். ஏறக்குறைய எல்லாமே கருப்பு வெள்ளைப் படங்கள். பல பாகங்களைத் தானே இணைத்துச் செய்துகொண்ட கனமான காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். நிறமே இல்லாமல் ஒரு யானையின் தோல் மடிப்பைக் காட்ட அவரால் முடிந்தது. அவருடைய பால் நன்றாகவே உறைந்திருந்தது. நிறம் தேடுவது தப்பென்று இதற்குப் பொருளில்லை. நிறத்துக்கும் அவ்வளவு நேரம் கொடுக்கவேண்டும்.

மாசி பிறந்ததும் போகவேண்டும். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். லென்ஸ் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தால் போதும். நின்றுகொண்டு எடுத்தால் வாத்து தட்டில் வைத்த பொம்மை. வெள்ளை மார்பு வெளுத்துப்போகாமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்கவேண்டும். ஃபோகஸ் அந்த மஞ்சள் கண்ணில். அலகு நீருக்குள் துழாவிக்கொண்டிருக்கும்வரை விரலை அழுத்தவேண்டாம். அது நிமிரும், அலகின் ஓரத்திலிருந்து நீர் சொட்டும். தலை அப்போதும் கருப்பாகத்தான் தெரியும். பிறகு, மெல்ல, வெயில் பக்கம் திரும்பும்.