கால் செய்ததும் வாய் சொன்னதும்

இடம்: திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக் கோயிலை ஒட்டிய கடலோரம். குரு, இராயபுரத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர். சீடன், அவரிடம் பயின்று இப்போது துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவன்.

சீடன்: வாத்தியாரே, ஒரு வழக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர். லாரி வரிசைக்கு நடுவிலிருந்து சைக்கிளில் ஒரு பையன் குறுக்கே வந்துவிட்டான். இவர் கால் பிரேக்கை மிதித்தது, பையன் பிழைத்தான். அதே நொடியில் இவர் வாயிலிருந்து அந்தப் பையனின் தாயைப் பழிக்கும் சொல் ஒன்றும் வந்து விழுந்தது. இரண்டையுமே அவர் யோசித்துச் செய்யவில்லை. பிரேக் போட்டதற்குக் கிடைத்த பாராட்டை வாங்கிக்கொண்டார். வசவைப் பற்றிக் கேட்டால் 'அது தானா வந்துடுச்சு' என்கிறார். இது நியாயமா?

குரு: காலும் தானாகத்தான் போனது. வரவைத் தன் பேரில் எழுதிக்கொண்டு செலவை ஊர் பேரில் எழுதுகிறார். கணக்கு எழுதுகிற நீயே சொல், இது எப்படிச் செல்லும்?

சீடன்: அப்படியானால் இரண்டுமே அவருடையது இல்லை என்று சொல்லிவிடலாமே. அனிச்சைச் செயலுக்கு யாரைப் பொறுப்பாக்குவது?

குரு: முதலில் எது அனிச்சை என்று பார்ப்போம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் ரப்பர் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டுவார். கால் எகிறும். தசை இழுபட்ட செய்தி முதுகுத்தண்டு வரை போகிறது, அங்கிருந்தே பதில் திரும்பிவிடுகிறது. மூளையின் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. 1875இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் தனித்தனியே இதை எழுதிவைத்தார்கள். சுடுசட்டியில் பட்ட கை பின்வாங்குவதும் முதுகுத்தண்டின் வேலைதான். இதற்கெல்லாம் நான் யாரையும் புகழவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன். ஆனால் பிரேக் அப்படியா? எந்தக் குழந்தையாவது பிரேக் மிதிக்கத் தெரிந்து பிறக்கிறதா?

சீடன்: இல்லை, பழகித்தான் வருகிறது.

குரு: கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, பல வருடம் மிதித்து மிதித்து அந்தக் கால் கற்றது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் தாண்டிவிடும். யோசித்து மிதிக்க நேரம் கிடையாது என்பதால்தான் யோசனையை முன்கூட்டியே காலுக்குள் இறக்கிவைக்கிறோம். வாயும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தது. துறைமுக வாசலில் நாள்கணக்கில் வரிசை, தூக்கமில்லை, முன்னால் நிற்பவனைத் திட்டு, பின்னால் நிற்பவனிடம் திட்டு வாங்கு. அந்தச் சொல் அங்கே ஏறியது. இரண்டும் பழக்கம். ஒன்று அவருடையது என்றால் மற்றதும் அவருடையதுதான்.

சீடன்: ஒரு தடை சொல்கிறேன். 1983இல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்கர் ஒரு சோதனையை வெளியிட்டார். தோன்றும்போது கையை அசை என்று ஆட்களிடம் சொன்னார். கை அசைவதற்கு ஏறத்தாழ அரை நொடி முன்பே மூளையில் ஆயத்தம் தொடங்கிவிட்டது. அசைக்க வேண்டும் என்ற எண்ணமோ அசைவதற்கு 0.2 நொடி முன்புதான் தெரியவந்தது. நாம் நினைத்துச் செய்வதாக நம்புவதே தாமதமாக வந்த தகவல் என்றால் பொறுப்பு என்பது எங்கே நிற்கும்?

குரு: லிபெட்டே அந்த மிச்ச நேரத்தில் தடுக்க முடியும் என்று கருதினார். அந்தச் சோதனைக்கு என்ன பொருள் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. அது இருக்கட்டும். நீ பொறுப்பைக் கடைசி நொடியில் தேடுகிறாய். நான் அங்கே தேடுவதே இல்லை. குத்து முகத்துக்கு வந்தால் கண் மூடிக்கொள்ளும், இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருவது. கண்ணை மூடியவன் அடுத்த குத்தைப் பார்க்கமாட்டான். நீ வந்த புதிதில் உன் முகத்துக்கு நேரே கையை மெதுவாக வீசிக்கொண்டே இருந்தேன், நினைவிருக்கிறதா? பிறகு வேகம் கூட்டினேன். கண் சிமிட்டுவது முழுதாக அடங்கவில்லை, ஆனால் குறைந்தது. குத்துவிட்ட கை தாடைக்குத் தானாகத் திரும்பவும் கற்றது. ரிங்கில் உன் கை திரும்பாமல் போனால் அந்த நொடியை நான் குறை சொல்வேனா, பயிற்சிக்கு வராத நாட்களைக் குறை சொல்வேனா?

சீடன்: நாட்களைத்தான். ஆனாலும் யோசித்துச் செய்கிற நல்லதுதானே உயர்ந்தது? தானாக வருவது எவ்வளவு நல்லதானாலும் இயந்திரம் போலத்தானே?

குரு: வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. 788ஆவது குறளைப் பார். சபை நடுவே இடுப்புத் துணி நழுவினால் கை என்ன செய்யும்? யோசிக்குமா? நண்பனின் துன்பத்துக்கு அப்படி ஓட வேண்டும் என்கிறார். நிதானமாக எண்ணிப் பார்த்துக் கொடுப்பவனை அவர் அங்கே அளவுகோலாக வைக்கவில்லை. எண்ணாமல் ஓடும் கையை வைத்தார்.

சீடன்: அங்கே நழுவுவது அவனுடைய துணி, போவது அவனுடைய மானம். அடுத்தவன் துன்பத்துக்கு என் கை ஏன் ஓடும்?

குரு: சரியான இடத்தில் கேட்டாய். அடுத்தவனை உன் உடம்பின் எல்லைக்குள் சேர்த்திருந்தால் ஓடும். 2023 டிசம்பர் 26 இரவை எடுத்துக்கொள். நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்தார்கள். அம்மோனியா ஈரத்தில் கரைந்து எரிக்கும். கண் கொட்டியது, தொண்டை இறுகியது, இருமல் வந்தது. இதில் நல்லவன் கெட்டவன் கிடையாது, எல்லா உடம்பும் ஒன்றேதான் செய்தது. ஆனால் ஓடும்போதே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பியவர்கள் இருந்தார்களே, அந்தக் கை முதுகுத்தண்டிலிருந்து வரவில்லை. ஒரு படகு கவிழ்ந்தால் குப்பமே கரைக்கு ஓடுகிற வாழ்க்கையில் பழகிய கை அது.

சீடன்: நல்லதும் பழக்கம், கெட்டதும் பழக்கம். இதில் எந்தப் பழக்கத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டும்?

குரு: எதிர்வினை நின்றுபோகிற பழக்கத்துக்கு. கடல் முயல் என்று, வெளியே ஓடு தெரியாத ஒரு கடல் நத்தை உண்டு. தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறையும். எரிக் கேண்டல் இதை வைத்து நரம்பு எப்படிக் கற்கிறது என்று காட்டினார், 2000இல் நோபல் பரிசும் வாங்கினார். நமக்கும் இது வேண்டும். இல்லாவிட்டால் டிரெய்லர் ஹாரனுக்கு நடுவே இங்கே எவன் தூங்குவான்? ஆலைகள் நிறைந்த மணலியில் புதிதாக இறங்குபவன் மூக்கைப் பொத்துகிறான். கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரிவதில்லை. காற்று சுத்தமாகிவிட்டதா? மூக்கு சொல்வதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

சீடன்: அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததே. படகும் வலையும் கறுத்துப்போயின. நகரத்தின் மறுபக்கத்தில் ஒருவர் என்னிடம், 'உங்க பக்கம் எப்பவுமே அப்படித்தானே' என்றார்.

குரு: அவர் கொடியவர் இல்லை. அவர் மனம் செவுளை இழுப்பதை நிறுத்திவிட்டது. நம் ஆட்களில் பலரும் 'பழகிப்போச்சு' என்கிறார்கள். உடம்பைப் பார்: அம்மோனியாவுக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது. மனம் மட்டும் இரண்டாம் முறையே சலித்துக்கொள்கிறது.

சீடன்: மரத்த மனத்தை எழுப்ப வழி உண்டா?

குரு: அந்த நத்தைக்கு வாலில் பலமாக அதிர்ச்சி கொடுத்தால் இழுப்பு திரும்பி வரும். நமக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கசிவு வேண்டுமா? மனிதன் தானாகவே பயிற்சி எடுக்க முடியும். கசிவுக்குப் பிறகு அந்தக் குப்பத்து மக்கள் பல வாரங்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்களே, அது ஒரு பயிற்சி. நாற்றம் வந்த நேரத்தைக் குறித்து வைப்பது, புகார் எழுதுவது, பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது, சாம்பல் படிந்த மொட்டைமாடியை முதல் நாள் பார்த்ததுபோல் பார்த்துக் கேள்வி கேட்பது எல்லாமே பயிற்சிதான். செய்து செய்துதான் வரும்.

சீடன்: பழகியதற்கெல்லாம் நாம் பொறுப்பு என்றால், பழகிப்போனதற்கும் பொறுப்பா?

குரு: அதற்குத்தான் முதலில் பொறுப்பு. குத்து வாங்கி வாங்கி வலி தெரியாமல் போனவனை நான் ஒருநாளும் வீரன் என்று சொன்னதில்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். தடுக்கப் பழகியவனைத்தான் ரிங்குக்கு அனுப்பியிருக்கிறேன்.