ஒற்றியும் ஈடும்: இரு அட்டைகளின் அறம்

சாவகச்சேரியில் கண்டி வீதியோரத்துக் கடையொன்றில் ஒரே பொருளை ஒரே விலைக்கு இருவர் வாங்குவதாகக் கொள்ளலாம். ஒருவர் நீட்டுவது பற்று அட்டை. மற்றவர் நீட்டுவது கடனட்டை. இரண்டும் ஒரே அளவினவான பிளாஸ்டிக் துண்டுகள். ஒரே பொறியில் செருகப்படுவன. ஆயினும் முதலாமவர் உழைத்துச் சேர்த்ததைக் கொடுக்கின்றார். இரண்டாமவர் இனி உழைக்கவிருப்பதைக் கொடுக்கின்றார். கருவியளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு அறவியலில் பெரியதொரு வினாவை எழுப்புகின்றது: இன்றைய மனிதன் நாளைய தன்னைக் கட்டுப்படுத்தும் உரிமை உடையவனா?

பற்று அட்டையைப் பயன்படுத்துபவரின் வங்கிக் கணக்கிலிருந்து தொகை உடனே குறைகின்றது. கடனட்டையிலோ கடைக்காரருக்கு வங்கி பணம் செலுத்துகின்றது; அட்டைக்குரியவர் குறித்த தவணை நாளில் வங்கிக்குச் செலுத்துதல் வேண்டும். முழுத் தொகையையும் அந்நாளில் தீர்ப்பவருக்குக் கொள்வனவின்மீது வட்டியில்லை. தவறின் எஞ்சிய தொகைமீது வட்டி ஏறத் தொடங்குகின்றது. முன்னதில் இழப்பு இன்றே தெரிகின்றது. பின்னதில் இன்பம் இன்றும் இழப்பு பின்னரும் வருகின்றன.

இவ்வேறுபாடு யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையில் ஒற்றி பற்றிய விதிகள் இடம்பெற்றுள்ளன. ஒற்றி வைத்தவரின் காணி கடன் கொடுத்தவர் கைக்குச் செல்கின்றது. அதன் விளைவே வட்டிக்கு ஈடாகின்றது. கடனாளி தன் தென்னங்காணியைப் பிறர் அனுபவிப்பதை நாள்தோறும் காண்கின்றார். ஈட்டிலோ காணி அவரிடமே இருக்கின்றது. வட்டி மட்டும் உறுதித்தாளில் ஓசையின்றி வளர்கின்றது. ஒற்றியும் கடனே எனினும், கொடுத்த விலையைக் கண்முன் நிறுத்தும் வகையில் அது பற்று அட்டையை ஒத்தது. விலையை மறைக்கும் வகையில் ஈடு கடனட்டையை ஒத்தது.

மறைந்திருக்கும் விலை எவ்வளவு என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். ஒருவரின் நிலுவை 1,00,000 ரூபா. வட்டி ஆண்டுக்கு 24 வீதம். மாதந்தோறும் கட்டவேண்டிய குறைந்த தொகை நிலுவையின் 5 வீதம் என வைத்துக்கொண்டால், அவர் கட்டும் 5,000 ரூபாவில் 2,000 வட்டிக்கே போகும். மாதந்தோறும் 3,000 ரூபாவுக்குப் புதிதாகப் பொருள் வாங்குவாராயின் ஆண்டில் 60,000 ரூபா கட்டிய பின்னரும் கடன் அசையாது நிற்கும். வலியறிதல் அதிகாரத்தில் அளவறிந்து வாழ்தலை வள்ளுவர் வற்புறுத்தியமை இங்கு கருதத்தக்கது.

அவ்வாறாயின் கடனட்டை தீயது, பற்று அட்டை நல்லது என முடித்துவிடலாமா? அம்முடிவு அவசரமானது. கையிருப்பை மட்டும் ஏற்கும் கொடுக்கல் வாங்கலில் எவரும் எவரையும் நம்பவேண்டிய தேவை இல்லை. ஊர்க்கடையின் கடன் கொப்பியோ நம்பிக்கையின் ஏடு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்து வந்தனர். அத்தகைய வேளையில், இருப்பவனுக்கே பொருள் என்னும் விதி எத்துணைக் கொடிது என்பதை விளக்கவேண்டியதில்லை. மேலும், அட்டை களவாடப்படின் பற்று அட்டையில் உடனே குறைவது உடையவரின் பணம். கடனட்டையில் முதலில் வெளியேறுவது வங்கியின் பணம். காலத்தை முன்வாங்குதல் தன்னளவில் குற்றமன்று. விதைநெல்லைக் கடன் வாங்கும் உழவனும் அதனையே செய்கின்றான்.

ஆகவே அறத்தின் எல்லைக்கோட்டை வேறிடத்தில் வரைதல் வேண்டும். கொப்பியில் கடன் எழுதும் கடைக்காரர் அது விரைவில் தீரவேண்டுமென விரும்புகின்றார். கடனாளியின் தவறு அவருக்கும் நட்டம். சுழலும் கடனிலோ முழுதும் தீர்ப்பவரிடம் வட்டி கிடைப்பதில்லை. தீர்க்க இயலாதவரிடமே கிடைக்கின்றது. ஒருவரின் தளர்ச்சி மற்றவரின் வருவாயாகும்போது நம்பிக்கை என்னும் சொல் பொருளிழக்கின்றது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அறவிடத்தக்க வட்டி முதலை விஞ்சலாகாது என வரையறுத்தது இந்த அச்சத்தினாலேயே எனலாம். 2009இன் பின் வடக்கில் பரவிய நுண்கடனும் இதே பாடத்தைப் புகட்டியது. வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட அத்தகைய கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

நாளைய தன்னைக் கட்டுப்படுத்தும் உரிமை மனிதனுக்கு உண்டு. வாக்குறுதி என்பதே அவ்வுரிமையின் பெயர். ஆனால் வாக்குக் கொடுப்பவன் அதன் விலையை அறிந்திருத்தல் வேண்டும். வாக்கைப் பெறுபவன் அது நிறைவேறுவதை விரும்புதல் வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில் கடனும் அறமாகும். இவற்றுள் ஒன்று குறையினும், கடைக்காரரின் பொறியில் செருகப்படுவது அட்டையன்று, வாங்குபவரின் வருங்காலமே.