காவலும் கணக்கும்

ஊரைக் காப்பது யார் கடமை? அரசின் கடமை என்று ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் ஆபத்து வந்து இறங்குவது தலைநகரில் அன்று. ஏதோ ஒரு சிற்றூரின் வயலில்.

பஞ்சாபின் எல்லைக் கிராமங்கள் இதற்குச் சான்று. பாகிஸ்தானிலிருந்து பறந்து வரும் ட்ரோன்கள் ஹெராயினையும் துப்பாக்கிகளையும் அங்குள்ள வயல்களில் போட்டுச் செல்கின்றன. எல்லைக் காவல் நடுவண் அரசின் பொறுப்பே. எனினும் 2025 ஆகஸ்டில் பஞ்சாப் மாநில அரசு ரூ. 51.41 கோடியில் 9 ட்ரோன் தடுப்பு அமைப்புகளுக்கான திட்டத்தைத் தரண் தாரணில் தொடங்கியது. அமெரிக்காவிலும் அதே ஆண்டில், மாநில, உள்ளூர் அரசுகளின் இத்தகைய பாதுகாப்புக்கென 50 கோடி டாலர் மானியம் ஒதுக்கப்பட்டது.

இச்செலவு அறத்திற்கு ஏற்றதா? ஏற்றதே. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர் அவர்களைக் காப்பது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்பது திருச்சபையின் போதனை. சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது, அதற்குத் துணைநிற்க வேண்டும் என்று திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1931-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். மானியம் அத்தகைய துணையே.

ஆயினும் கருவிக்குக் கண் உண்டு, மனச்சான்று இல்லை. கடத்தல்காரனைக் காட்டிக்கொடுக்கும் அதே கருவி, பயிருக்கு மருந்து தெளிக்கும் உழவரையும், வெள்ளச் சேதத்தைப் படமெடுக்கும் செய்தியாளரையும் காட்டிக்கொடுக்கும். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலாளியிடம் குருதிப்பழி கேட்கப்படும் என எச்சரித்தார் இறைவாக்கினர் எசேக்கியேல். உறங்கிய காவலாளி பதில் சொல்ல வேண்டுமெனில், மாசற்றவரைத் தாக்கிய காவலாளி பதில் சொல்ல வேண்டாமா?

நம் மாகறலுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இதற்கு விடை தருகின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் இடப்படத் தகுதியற்றவர் என்பது அங்கே விதி. ஏரியைக் காத்தவர்க்கே அவ்விதி இருந்தது. வானத்தைக் காப்பவர்க்கு மட்டும் விலக்கு ஏன்?

பாதுகாப்புக்கு மறைவு வேண்டும் என்பர். காவல் எங்கே, எப்போது என்பது மறைந்திருக்கலாம். அதிகாரம் எவர்மீது செலுத்தப்பட்டது என்பது மறையலாகாது. எத்தனை கருவிகள் வாங்கினோம் என்பதோடு, எதை வீழ்த்தினோம், எவரை விசாரித்தோம், அவருள் குற்றமற்றவர் எத்தனை பேர் என்பதையும் மானியம் பெறுவோர் மக்கள்முன் வைக்கட்டும். அப்போதுதான் அது காவல். இல்லையேல் அதுவும் ஓர் அச்சமே.