வாகனத்தில் இருப்பவரே முதலில் சலாம் சொல்ல வேண்டும்



இம்முறை சாலையைப் பற்றிப் பேசப் போகிறோம். சாலை என்பது போலீசாரின் சமாசாரம், மார்க்கப் பக்கத்தில் அதற்கு என்ன இடம் என்று உங்களிற் சிலர் கேட்கலாம். ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் அவற்றுள் ஒன்றாகவே எண்ணினார்கள். அது கடைசிக் கிளை என்பது உண்மையே. ஆயினும் அதுவும் அதே மரத்தின் கிளையல்லவா?

சலாம் சொல்லும் ஒழுங்கையும் ரசூல் (ஸல்) அவர்கள் நமக்கு வகுத்துத் தந்திருக்கிறார்கள். வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டத்தார் பெருங்கூட்டத்தாருக்கும் முதலில் சலாம் சொல்ல வேண்டுமென்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காணப்படும் ஹதீது. உலக வழக்கு இதற்கு நேர்மாறானது. குதிரை மேலிருப்பவனைத் தரையில் நிற்பவன் கும்பிடுவதுதான் எங்கும் நடந்து வந்தது. நம் நபியவர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். ஹதீதுக்கு விரிவுரை எழுதிய பெரியோர்கள் இதற்கு இரண்டு காரணங்கள் கூறுவர். உயரத்தில் இருப்பவன் உள்ளத்தில் பெருமை புகாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. தரையில் நடப்பவனுக்கு வாகனத்தில் வருபவனிடம் ஓர் அச்சம் இருக்கும்; அவ்வச்சத்தைப் போக்கும் கடமை அச்சமூட்டக் கூடியவனையே சார்ந்தது என்பது மற்றொன்று.

இப்போது நம் ஈசூனுக்கு வருவோம். லிம் நீ சூன் என்னும் அன்னாசி, ரப்பர் வியாபாரியின் பெயரால் நீசூன் என்று வழங்கி, பின்பு மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆன ஊர் இது. 1988இல் ரயில் வந்தது. அடுத்த நிலையத்தின் பெயரோ கத்தீப்! குத்பா ஓதுபவருக்கு மலாய்க்காரர் வழங்கும் பெயர் அது. அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இறங்கும் நாம், சாலைக்கு வந்ததும் குத்பாவை மறந்து விடுகிறோம்.

ஈசூன் அவென்யூ 2இல் உள்ள தாருல் மக்மூர் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழ வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். பாங்கு சொல்லியாயிற்று என்ற பதற்றத்தில் வண்டிகள் விரைகின்றன. பச்சை மனிதன் எரிகிறான் என்று நம்பி ஒரு மூதாட்டி சாலையில் இறங்குகிறாள். பல சந்திப்புகளில் நேரே வரும் வண்டிகளுக்கு இடைவெளி பார்த்து வலப்புறம் திரும்பும் ஓட்டுநருக்கும் அதே நேரத்தில் பச்சை விளக்குத்தான். அவர் கண் எதிரே வரும் வண்டிகள் மேலிருக்கும். தாம் திரும்பப் போகும் பக்கத்தில் நடப்பவர் மேலிராது. இம்முறையை ஆபத்தானதென்று கண்டே, திரும்புவதற்கெனத் தனி அம்பு விளக்குகளைப் பொருத்தும் வேலையை விரைவுபடுத்துவதாக 2018இல் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. விளக்கு மாறலாம், ஓட்டுபவரின் அவசரம் மாறாவிட்டால் என்ன பயன்?

தொழுகைக்காகத்தானே அவசரம் என்று சிலர் சமாதானம் கூறுவர். இந்தச் சமாதானத்தை நாம் ஒப்ப முடியாது. இகாமத்தைக் கேட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வந்து, கிடைத்ததைத் தொழுது, தவறியதை நிறைவு செய்யுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். கால்நடையாக ஓடுவதற்கே தடை இருக்க, நாலு சக்கரத்தில் ஓடுவதற்கு அனுமதி எங்கிருந்து வந்தது? ஹஜ்ஜின்போது அரபாத்திலிருந்து திரும்பும் வேளையில், பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஆரவாரம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, அமைதியாக வாருங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று சாட்டையால் சைகை காட்டி உணர்த்தினார்கள். வாழ்நாளிலேயே மிகப் பெரிய வணக்கத்தின் நடுவே சொல்லப்பட்ட சொல் அது.

நோன்பு காலத்திலும் இதே கதைதான். மஃரிபுக்குச் சற்று முன்பு சிராங்கூன் ரோட்டில் கடையை அடைத்துவிட்டு, ஈசூனுக்கோ உட்லண்ட்சுக்கோ வீடு சேர்ந்து நோன்பு திறக்க வேண்டுமென்று பறப்பவர்கள் நம்மில் உண்டு. நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தலாகாது என்பது சரியே. இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் வண்டியில் வைத்துக்கொண்டால் அந்த சுன்னத்து நிறைவேறிவிடும். கஞ்சி வீட்டில் காத்திருக்கும்.

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்குப் புரியும் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறோம். 15 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 18 நிமிடம். 60இல் போனால் 15 நிமிடம். லாபம் 3 நிமிடம். அதிலும் பாதியைச் சிவப்பு விளக்குகள் தின்றுவிடும். இனி நஷ்டப் பக்கம் பாருங்கள். 50இல் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. சரக்கு வந்ததா என்று கைப்பேசியை இரண்டு நொடி பார்த்தால், 28 மீட்டர் தூரம் கண் இல்லாமலே வண்டி ஓடியிருக்கிறது! சிங்கப்பூர்ச் சாலைகளில் 2023இல் 136 பேரும் 2024இல் 142 பேரும் மாண்டார்கள். இத்தனை சட்டமும் கேமராவும் உள்ள ஊரில் இத்தனை ஜனாஸாக்கள்.

தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவனைப் பற்றித் திருக்குர்ஆனின் அன்னிஸா சூரா, 92ஆம் வசனம் பேசுகிறது. வேண்டுமென்று கொன்றவனைப் பற்றியதன்று அது. தவறிக் கொன்றவனைப் பற்றியது. இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஈட்டுத் தொகை கொடுக்க வேண்டும், அடிமை ஒருவரை விடுவிக்க வேண்டும், அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதம் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும். நம்மோடு உடன்படிக்கை செய்து வாழும் வேறு சமூகத்தவர் இறந்தாலும் இதே பரிகாரம்தான் என்று அதே வசனம் சேர்த்துச் சொல்வதை, சீனரும் மலாயரும் இந்தியரும் ஒரே சாலையில் நடக்கும் நாட்டிலிருக்கும் நாம் இருமுறை ஓத வேண்டும். கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர்ச்சேதம் விளைவிப்பதும் இவ்வகையிலேயே சேரும் என்பது உலமாக்களின் கூற்று. ஈட்டுத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும். அந்த அறுபது நோன்பை எந்தக் கம்பெனி நோற்கும்? அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும் வரும் கைசேதத்தை யார் பங்கிட்டுக் கொள்வார்?

2013 டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிறு இரவை லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் எவரும் மறந்திருக்க மாட்டார். தீ, ஓட்டம், கவிழ்ந்த வண்டிகள் ஆகியவற்றைப் பற்றியே எல்லாரும் பேசுவர். ஆனால் அந்த இரவின் முதற் செய்தி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் அகப்பட்டு மாண்டார் என்பதேயாகும். விசாரணையில் ஓட்டுநர் மீது குற்றம் காணப்படவில்லை. பெருங்கூட்டமும் பெரும் வண்டியும் குறுகிய சாலையைப் பங்கிடும்போது, குற்றமற்ற ஓட்டுநர் கையிலேயே ஓர் உயிர் தவறிப்போக முடிகிறது. அங்கே கைப்பேசி பார்ப்பவர் ஓட்டினால் நிலைமை என்னவாகும் என்று சிந்தியுங்கள்.

இங்கே வியாபாரிகளுக்கென்றே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கசப்பாக இருந்தால் பொறுத்துக் கொள்க. நடப்பவரைச் சாலையில் தள்ளுவது ஓட்டுநர் மட்டுமல்லர். 1822இல் ராபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது, கடைகளின் முன்னால் மக்கள் வெயில் மழைக்கு ஒதுங்கித் தொடர்ச்சியாக நடக்கக் கூரையிட்ட வழி விடச் செய்தார். அதுவே நம் ஐந்தடி. இன்று அதில் வெங்காய மூட்டையும் துணி அடுக்கும் பெட்டிகளும் வரிசையாக நிற்கின்றன. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்த தாய் அங்கே நடக்க இடமின்றிச் சாலையில் இறங்குகிறாள். அவளை வண்டி இடித்தால் ஓட்டுநர் பெயர் வழக்கில் வரும். மூட்டைக்காரர் பெயர் வராது. மஹ்ஷரில் வராதென்று யார் உறுதி கூறுவார்? பாதையோரம் உட்கார்ந்து பேசுவதைத் தவிர்க்க இயலாத சஹாபாக்களிடம், அப்படியானால் பாதையின் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொல்லி, பிறருக்குத் துன்பம் தராதிருப்பதையும் அந்த ஹக்குகளில் சேர்த்தார்கள். வெறுமனே உட்கார்ந்திருந்தவர்களுக்கே அந்தக் கணக்கு.

சரக்குக் கொண்டுபோகும் ஆளையும் மறக்க வேண்டாம். “இன்னும் வரவில்லையா, எங்கே இருக்கிறாய்” என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை முதலாளி போன் செய்தால், அந்தப் பிள்ளை எடுத்துத்தான் பேசுவான்; எடுக்காவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது இங்கே குற்றம். குற்றத்தைச் செய்தவன் அவன். செய்ய வைத்தவர் யார்? ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையைச் சமன் செய்யாதது ஏன் என்று அல்லாஹ் தம்மிடம் கேட்பானோ என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாகச் சொல்லப்படுகிறது. மதீனாவில் இருந்தவர் ஈராக்கின் கழுதைக்கு அஞ்சினார். நாம் நம் கடை வேனுக்கு அஞ்ச வேண்டாமா?

நடப்பவருக்கும் சில சொல்ல வேண்டும். தம் கரங்களாலேயே தம்மை அழிவில் இட்டுக்கொள்ளலாகாது என்பது இறைக்கட்டளை. தராவீஹ் முடிந்து இரவில் திரும்பும் பிள்ளைகள், ஐம்பது மீட்டருக்குள் கடக்கும் இடம் இருக்கையில் நடுச்சாலையில் இறங்குவது சட்டப்படியும் தவறு, மார்க்கப்படியும் தவறு. நடைபாதையில் மிதிவண்டி விடும் இளைஞர்களும் அங்கே வாகனத்தில் இருப்பவர்களே. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி ஓர் அம்மையார் இறந்தார். அவ்வாண்டு நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்களுக்கு நடைபாதையில் இடமில்லாமற் போயிற்று. சட்டம் வந்தது ஜனாஸாவுக்குப் பின்.

ஆகவே ஓட்டுபவரின் சலாம் நாவோடு நிற்கக் கூடாது. கடப்பவர் சீனப் பாட்டியாக இருக்கலாம், நம் சலாமின் சொற்கள் அவருக்குத் தெரியாமலிருக்கலாம். வரிக்கோட்டுக்கு முன்பே வண்டியை முழுக்க நிறுத்தி, அவர் அக்கரை சேரும் வரை ஹார்ன் அடிக்காமல் இருந்தால், அச்சமின்றிப் போங்கள் என்ற பொருள் அவருக்கு விளங்கிவிடும்.

கடைசியாக ஒரு சிறு காரியம். 2009 முதல் சாலைக் கடப்புகள் பலவற்றில் கிரீன் மேன் பிளஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. மூத்தோர் தம் சலுகை அட்டையைப் பொத்தானுக்கு மேலுள்ள கருவியில் வைத்தால், சாலையின் அகலத்துக்கேற்ப பச்சை மனிதன் 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக நிற்பான். இது தெரியாமலே நடுச்சாலையில் தவிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அத்தா என்று அழைத்தாலும் வாப்பா என்று அழைத்தாலும் சரி, அடுத்த ஜும்ஆவுக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போய், அட்டையை எங்கே வைப்பது என்று ஒருமுறை காட்டிக் கொடுங்கள். வேனைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தே போங்கள்.