மௌனமான போனும் தோபித்தின் வீடும்



உங்கள் வீட்டிலும் அப்படியொரு கைத்தொலைபேசி இருக்கும். திரையிலே விரிசல், விடியற்காலை நிரப்பிய சார்ஜ் மத்தியானக் கொழுந்து நிறுப்பதற்குள் தீர்ந்துவிடும். குவைத்திலிருந்து பிள்ளைகளின் தாய் பேசுகிற நேரம் பார்த்து அது அணைந்துபோகும். மறுபடி உயிர் பெற்றதும், "ஏன் எடுக்கவில்லை?" என்று அங்கிருந்து ஒரு கோபம்; "நீ மட்டும் நேற்று எடுத்தாயா?" என்று இங்கிருந்து ஒரு கோபம். நடுவிலே, கேம் விளையாடிச் சார்ஜைத் தீர்த்தவன் என்று ஒரு பிள்ளை முதுகில் அடி வாங்கிக்கொண்டு இஸ்தோப்பிலே நிற்கும். பசறையிலும் தெமோதரையிலும் ஹப்புத்தளையிலும் இது நடக்காத லயம் உண்டோ?

அந்தப் பிள்ளையை விடுங்கள். குற்றத்தில் பாதி நமது மலைகளுடையது. டவர் ஒரு மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருந்தால், இடையிலுள்ள மலை அலைகளை மறித்துவிடும். தூரத்து ஆளைக் கூப்பிடுகிறவன் குரலை உயர்த்துவதுபோல, போனும் டவரைத் தேடி அதிக வலுவோடு அலைகளை அனுப்பும். யாரும் பேசாத நேரத்திலும் இந்தத் தேடல் ஓய்வதில்லை; பற்றரி இறங்கிக்கொண்டே போகும். பழைய பற்றரியோ 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டே திடீரென அணையும். குளிர் நாளில் இன்னும் மோசம். (முதுகு உப்பிய போனைத் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பற்றும் அபாயம் உண்டு. அதைப் பாவிப்பதையே நிறுத்துங்கள்.)

2021ஆம் ஆண்டு, கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி, ஆசிரியையோடு காட்டுவழியே 3 கிலோமீட்டருக்கு மேல் நடந்து மலையேறியதை உலகப் பத்திரிகைகள் எழுதின. லுணுகலையில் மரத்தின்மேல் கட்டிய பரணிலிருந்து பாடம் கேட்டார்கள். இந்த மலைநாட்டில் போன் பேசாமல் போவதற்கு யாருடைய அன்புக் குறைவும் காரணமாக இருக்கவேண்டியதில்லை.

இப்போது தோபித்து ஆகமத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். தோபித்து பார்வை இழந்து வீட்டிலிருக்கிறார். நம்மூர்ப் பெண்கள் பேருக்குக் கொழுந்து எடுப்பதுபோல, மனைவி அன்னா கூலிக்கு நெய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். ஒருநாள் எசமானர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். குட்டி கத்துகிற சத்தம் கேட்டதும் கணவர் அதைத் திருட்டு ஆடு என்கிறார். அவள் சொன்னதை நம்பவேயில்லை. தோபித்து கெட்டவரா? ஆபத்துக்கு அஞ்சாமல் இறந்தோரை அடக்கம் செய்தவர், ஏழைகளுக்குக் கொடுத்தவர். ஆயினும் தமக்குத் தெரியாத இடத்தைச் சந்தேகத்தால் நிரப்பினார்.

அதே மனிதரைப் பத்தாம் அதிகாரத்தில் பாருங்கள். தூரதேசம் போன மகன் குறித்த நாளில் திரும்பவில்லை. திருமண விருந்து 14 நாள் நீண்டதால் வந்த தாமதம் அது. வீட்டுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. மகன் இறந்துவிட்டான் என்று அன்னா அழுகிறாள், பகலெல்லாம் வழியைப் பார்த்திருக்கிறாள். தோபித்துக்கும் கவலைதான். ஆனால் இம்முறை, ஏதோ தடங்கல் இருக்கும், வருவான் என்று அவளைத் தேற்றுகிறார். தம்மைப் பேசாதிருக்கும்படி அவள் சீறியும் (வருத்தத்தில் எந்தத் தாய்தான் சீறமாட்டாள்!) அவர் திருப்பிச் சீறியதாக வேதத்தில் இல்லை.

உங்கள் வீட்டிலும் போன் அடங்கிக் கிடக்கும்போது இந்த இரண்டு தோபித்துகளில் ஒருவர் பேசுவார். வேலைவீட்டில் போனை வாங்கி வைத்திருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம், வேலை செய்த களைப்பில் அவள் தூங்கியிருக்கலாம். அவள் நடத்தையைப் பற்றி அயலார் முணுமுணுப்பதைக் கேட்கும்முன் இவற்றை நினையுங்கள். அதற்காக, மௌனம் நாள்கணக்கில் நீண்டால் சும்மா இருப்பதும் சரியன்று. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அவளுடைய இலக்கத்தையும் பாஸ்போர்ட் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்; அணைந்துபோன போனுக்குள் இருக்கும் இலக்கத்தால் பயனில்லை.

லயத்திலே நல்ல போன் உள்ளவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த காம்பராவுக்கு வரவேண்டிய கோல் உங்கள் போனுக்கு வந்தால், மழையானாலும் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகள் தாயோடு பேசி முடிக்குமட்டும் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.