நேராகாத கணக்கு

2019 டிசம்பர் 26ஆம் தேதி காலை ஒன்பதரை மணி சுமாருக்கு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று, கிரகணக் கண்ணாடி வழியாகச் சூரியன் வளையமாவதைப் பார்த்தேன். பெரியப்பா வானத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மா மண்டபத்தில் ஸ்நானத்தை முடித்துக்கொண்டு ஈர வேஷ்டியோடு வந்தவர், கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "பஞ்சாங்கத்துல போட்டபடி வந்துதா இல்லியா? அப்புறம் சூரியன் எப்படிப் பொறந்ததுன்னு தெரிஞ்சுண்டு நோக்கு என்ன ஆகணும்?"

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதிலல்ல என்று எனக்கே தெரியும். பெரியப்பாவின் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். ஆனால் அது அப்படித் தள்ளக்கூடியதல்ல. விடை சரியாக வந்துவிட்டால், அது ஏன் சரியாக வந்தது என்பதும் தெரிந்தாக வேண்டுமா என்பதே அவர் கேட்டது.

அவர் பக்கத்துக்குச் சாட்சியங்கள் உண்டு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்த லெ ழான்தி என்ற வானியலார், 1761இல் யுத்தத்தாலும் 1769இல் மேகத்தாலும் ஏமாந்தார். ஆனால் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, தமிழர் ஒருவரிடம் இங்குள்ள கிரகணக் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு இந்த முறைப்படி 41 விநாடி குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றிருந்த மேயரின் அட்டவணைகளோ 68 விநாடி அதிகமாகக் காட்டின. மனப்பாடமான வாக்கியங்களும் தரையில் பரப்பிய சோழிகளும் போதுமாயிருந்தன.

ஆனால் அதே முறையில் இன்னொருவர் கணித்த 1825ஆம் வருஷத்துச் சந்திர கிரகணம், ஜான் வாரன் எழுதிவைத்திருக்கிறபடி, தொடக்கத்தில் 4 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமும் பிசகியது. சோழிகள் விடையைத் தரும். பிசகு எங்கே நுழைந்தது என்பதைச் சோழிகளால் சொல்ல முடியாது.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கேஷில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு நாள் மாலை 2000 ரூபாய் அதிகமாக இருந்தது. பென்ஷன் வாரம், நோட்டு எண்ணும் மெஷினும் அன்று வேலை செய்யவில்லை. அதிகப்படியை சஸ்பென்ஸ் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தால் ஆயிரம் கேள்வி வரும். டிராயரில் போட்டேன். மறுநாள் 1500 குறைந்தது. அதிலிருந்தே எடுத்து நிரப்பினேன். இரண்டு நாளும் டாலி.

நான்காம் நாள் ஒரு முதியவர் வந்தார். வீட்டில் எண்ணி வைத்த பணத்தில் 2000 ரூபாய் குறைகிறது, ஒருவேளை இங்கே கட்டும்போது கூடுதலாகக் கொடுத்துவிட்டேனோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதிகாரி அன்றைய கணக்கைப் பார்த்துவிட்டு, "எல்லாம் டாலி ஐயா, இங்கே தப்பு நடக்கவில்லை" என்றார். முதியவர் தன் ஞாபகத்தையே சந்தேகித்தபடி படியிறங்கிப் போனார். நேரான கணக்கே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சம்பளம் வந்ததும் அவரைத் தேடிப்போய், எங்கேயோ தவறு நடந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி, பணத்தைக் கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

1917இல் ஐன்ஸ்டைன் தன் சமன்பாடுகளைப் பிரபஞ்சம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தார். பிரபஞ்சம் அசையாதது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சமன்பாடுகளோ அதற்கு இடம் கொடுக்கவில்லை. நேராக்குவதற்காக ஒரு மாறிலியைச் சேர்த்தார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1922இல் ஃப்ரீட்மனின் கணிதமும், 1927இல் லெமைத்ரின் ஆய்வும், 1929இல் ஹப்பிளின் அளவைகளும் அடுத்தடுத்துச் சொல்லவே, 1931இல் அதைக் கைவிட்டார். 1998இல், விரிவு வேகமெடுக்கிறது என்று தெரிந்தபோது, அதே மாறிலியைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதானா என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றே தோன்றுகிறது. அவர் தன் திருத்தத்தை எல்லோரும் பார்க்கப் பெயர் சூட்டி எழுதினார். அதனால் அதை அடிக்கவும் முடிந்தது, மீட்கவும் முடிந்தது. என் திருத்தம் டிராயருக்குள் இருந்தது. கணக்கைச் சரிக்கட்ட நினைப்பது மனித சுபாவம். சரிக்கட்டியதை மறைப்பதே குற்றம். விமர்சனம் எழுதும்போதும் இதே சபலம் வருகிறது. என் வியாக்கியானத்துக்கு அடங்காத ஒரு வரியைப் பேசாமல் தாண்டிவிட்டால், கட்டுரை டாலி ஆகிவிடும்.

பிரபஞ்சத் தோற்றத்தில் இந்த நேர்மை இன்னும் அவசியமாகிறது. கிரகணத்தை நேரம் குறித்துக் காத்திருந்து சரிபார்க்கலாம். தோற்றம் மறுபடி வராது. எஞ்சிய தடயங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் வழி. ஒரு வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கிச் சூரியனானபோது, அதைச் சுற்றி முதலில் கெட்டிப்பட்ட துணுக்குகள் சில விண்கற்களில் அப்படியே இருக்கின்றன. யுரேனியம் அவற்றில் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, சூரிய குடும்பத்துக்கு ஏறத்தாழ 456 கோடி ஆண்டு என்கிறார்கள்.

பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்று படிக்கிறோம். ஆனால் அதன் விரிவை அளப்பதில் ஒரு வித்தியாசம் நிற்கிறது. ஆதி ஒளியின் மிச்சத்திலிருந்து கணக்கிட்டால், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் விரிவின் வேகம் நொடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர் கூடுகிறது. விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் கொண்டு அளந்தவர்களில் ஒரு முக்கியக் குழுவுக்குச் சுமார் 73 வருகிறது. நடுவில் 70 என்று வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த 6 கிலோமீட்டரைத் திறந்த பக்கத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இந்த நேர்மை நம்மிடமும் இருந்தது. கேரளத்துப் பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துப் பழைய கணக்கைத் திருத்தி, 1431இல் 'த்ருக்கணிதம்' எழுதினார். நம் திருக்கணிதத்தில் உள்ளது 'திரு' அல்ல, 'த்ருக்': பார்வை. ஆனால் 2020இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 24, வாக்கியப்படி டிசம்பர் 27. பதினோரு மாத வித்தியாசம். சனி கண்ணுக்குத் தெரியும் கிரகம். பெரியப்பா இரண்டு நாளும் விளக்கேற்றினார். "எதுக்கும் இருக்கட்டுமே" என்றார்.

பிரபஞ்சம் பிறந்த விதம் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரியப்பா சொன்னது அந்த மட்டில் சரி. ஆனால் நேராகாததை நேராகாதது என்றே எழுதிவைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிவது எனக்கு வேண்டியிருக்கிறது. முதியவரின் 2000 ரூபாய் வங்கியின் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இங்கே எழுதியதுதான் அதற்கான முதல் பதிவு.